மகளிர் குழு மேடம்

நான் நன்னடத்தை அலுவலர். வழக்கில் மாட்டிய பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் திருந்தி நடக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் பிழைப்பு. நான் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சீர்திருத்தப் பள்ளிக் கதைகள் சொல்வார்கள். மொட்டைத் தலை, பிரம்படி. பிறகு கூர்நோக்கு இல்லம் என்றார்கள், பிரம்பு போய் கவுன்சலிங் வந்தது. இப்போது குற்றவாளி என்ற சொல்லே கூடாது. நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் தெருவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அங்கே பழைய குருடி கதவைத் திறடிதான்.

அதனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் நான் மகளிர் குழு மேடம். அப்படிச் சொல்லச் சொல்லித் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் லோன் எப்போது வரும் என்று பிடித்துக்கொள்வார்கள். வெயிலில் நின்று அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அலுத்துப்போய்விட்டது.

உருக்காலைச் சுவர் ஏறிக் குதித்துச் செம்புக் கம்பி திருடியவன் ஒருவன். அவனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க நாயாய் அலைந்தேன். இன்றைக்கு அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் வெல்டர்.

போன மாதம் அவன் அம்மா போன் செய்தார். பொன்னேரியில் மகனுக்கு நிச்சயதார்த்தம், நான்தான் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் வேலையில் அப்படிப் போகிற வழக்கம் இல்லை. ஆனாலும் வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் கரையேற்றிய ஒரு பிள்ளையின் விசேஷத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஆசை இருக்காதா?

மறுநாள் சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றிருந்தேன். அவனே தேடி வந்துவிட்டான்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வராதீங்க. பொண்ணோட சித்தப்பா கோர்ட்டுல வேலைல கீறாரு. உங்களப் பாத்தார்னா புரிஞ்சிக்குவாரு. கல்யாணமே நின்னுடும். அம்மாவுக்குச் சொன்னா ஏற மாட்டேங்குது.”

எனக்கு வலித்தது, மறைப்பானேன். ஆனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நானே காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் ஷிப்டு முடிந்து வந்த அவன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒருவன் கிட்டே வந்து, “இன்னாடா, யாரு இவங்க?” என்றான்.

“எங்கம்மா குழு மேடம்டா” என்றான், கொஞ்சமும் தடுமாறாமல்.

வண்டி வந்தது. ஏறி நின்றுகொண்டு, அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கு. அம்மாவ மறக்காம வரச் சொல்லுப்பா.”