அக்காவின் பேரில் ஒரு பதிவு

கேம்பஸில் பதிவதற்கு அனுப்பியிருந்த அறிவுறுத்தலில் ஏழாவதோ எட்டாவதோ ஒரு வரி இருந்தது. பெயரில் திருத்தம் ஏதும் இருந்தால் பதிவு நாளுக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும், அன்று பதியப்படும் பெயரே பட்டச் சான்றிதழிலும் வரும் என்று. மற்றப் பிள்ளைகள் அந்த வரியைப் படித்திருக்கவே மாட்டார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

ஏனென்றால் என் பிறப்புச் சான்றிதழ் என்னுடையதல்ல. அது என் அக்காவுடையது.

அக்கா எனக்கு ஒன்றரை வருடம் முன்பு பிறந்தவள். ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பிறந்ததை முறையாகப் பதிந்திருந்தார்கள். இறந்ததைப் பதியவில்லை. தேயிலைக்கு மேலே இருக்கும் மேட்டில் புதைத்துவிட்டு, தோட்டத்து ஆபிசில் வாயால் சொன்னதோடு சரி. பிறகு நான் பிறந்தேன். என்னைப் பதிய பலாங்கொடைக்குப் போக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம். மலைக்குப் போனால் ஒரு பேர், பாதியில் வந்தால் அரைப்பேர், போகாவிட்டால் பேர் இல்லை. டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று அப்பா அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு நாள் பேரைக் காப்பாற்றப் போய் என் பேர் போய்விட்டது. இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கோபம் தாங்காமல் நானே சில நேரம் சிரித்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒன்று இருந்தது. பெண் பிள்ளை, அதே அப்பா, அதே அம்மா. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் நான் எல்லோரையும் விடக் குள்ளமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் என்னை என் சொந்தப் பேரில்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பேர். வீட்டுப் பேர், பள்ளிப் பேர் என்று இரண்டு இருப்பது எங்கள் பக்கம் அதிசயமில்லை. என் கதையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அடையாள அட்டைக்கு எழுதிப் போடும்போதுதான் அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்போது எனக்குக் காகிதத்தில் பதினாறு வயது, உண்மையில் பதினாலரை. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு ஏ.எல். பரீட்சை பாஸானேன், கேம்பஸ் கிடைத்தது. அந்த அறிவுறுத்தலைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். பட்டமாவது என் பேரில் வர வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்துக் கூடையின் கயிற்றைத் திருப்பித் திருப்பிக் கட்டினார். எனவே பிறப்பு, இறப்புப் பதியும் கந்தோருக்கு நானே போனேன். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லி விசாரித்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நம்பியதாகக் காட்டிக்கொண்டு பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். பிறப்பைப் பிந்திப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால், இத்தனை வருடம் அந்தச் சான்றிதழில் படித்தது யார் என்ற கேள்வி வரும். மூத்த பிள்ளை இறந்ததைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பரீட்சைப் பெறுபேறு இறந்துபோன பிள்ளையுடையதாகிவிடும், கேம்பஸும் போய்விடும்.

"அந்தப் பிள்ளையை முதலில் கேம்பஸ் போய்ப் படித்து முடிக்கச் சொல்லு நங்கி. மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார், தங்கச்சியிடம் சொல்வதுபோல.

பட்டம் வாங்கிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பதிவு நாளன்று அம்மாதான் கூட வந்தார். மூலப்பிரதிகள், போட்டோப் பிரதிகள், கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஒரு பைலில் இருந்தன. அந்தப் பைலை அவர் என்னிடம் தரவே இல்லை, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேசையில் இருந்தவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பெற்றோர் கையெழுத்து வைக்கும் தாளை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, சும்மா பேச்சுக்கு, "துவகே நம மொகக்த?" என்று கேட்டார். மகளுக்கு என்ன பேர் என்று.

அம்மா சந்தோஷமாக என் பேரைச் சொல்லிவிட்டார். என் சொந்தப் பேரை.

மேசையில் இருந்தவர் சான்றிதழைக் குனிந்து பார்த்தார். அப்படி ஒரு பேர் இதில் இல்லையே என்றார். அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது, நகம் பதிந்தது. வீட்டில் கூப்பிடும் பேர் சேர் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். தன் மகளுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்றார். முத்திரை குத்தினார். நான் பதியப்பட்டேன்.

வெளியே வந்து ஒரு சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தோம். கொண்டுவந்த ரொட்டியை அம்மா பிரிக்கவில்லை.

"காரியத்தையே கெடுக்கப் பாத்தேன்."

"ஒண்ணும் ஆகலம்மா. விடுங்க."

"இனி ஒனக்கு அந்தப் பேருதான். நாங்களும் அப்பிடியே கூப்புட்டுப் பழகிக்கிறோம். போன்லயும்."

"போன்ல எதுக்கும்மா? வேணாம்."

"பக்கத்துல யாராச்சும் இருப்பாங்க. ரெண்டு பேரு வச்சிருந்தா வாய் தவறும் புள்ள."

அந்தப் பேரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட ரிப்போட்டில் கையெழுத்து வைக்கும்போதுகூடப் பேர் இருக்கிற இடத்தில் அவர் கண் போகாது. அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால் இரண்டு பேரும் அங்கேயே உடைந்துவிடுவோம் என்று பயந்து, ரொட்டியை நானே பிரித்தேன்.

பஸ் வந்ததும் அம்மா ஏறினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தேன். பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. சுற்றிலும் பிள்ளைகளும் தாய்மாரும்தான், நான் நின்று பார்க்கவில்லை. பதின்மூன்று வருடம் ஆசிரியர்கள் சொன்னதும் எழுந்து நின்ற பேர்தான் அது. அம்மாவின் குரலில் அது நானாக இல்லை. கடைசி எழுத்தை இழுத்து, கைக்குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

மூன்றாவது தடவைதான் திரும்பினேன். ஜன்னலோரம் அம்மா கையாட்டிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் கண்ணீர். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு எந்த மகளை நினைத்து அழுதீர்கள் என்று அவரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.