ஏழாவது விதியும் பாதிச் சவரமும்

எங்கள் தொழிலில் வாடிக்கைக்காரர் பேசலாம், நாங்களும் பேசலாம், கத்தி மட்டும் பேசக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ரங்கூனில் இத்தனை காலம் பிழைத்துவிட்டோம். போதாதென்று இன்னும் எட்டு விதிகள் எழுதப் போனோம். சங்கம் என்று ஒன்றில் எப்போதாவது அகப்பட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது.

தலை மட்டும் எங்களுடையது

பர்மாவுக்கு வெள்ளைக்காரரும் உள்ளூர் மந்திரிகளும் பங்கு போட்டுக்கொள்ளும் இரட்டை ஆட்சி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். என் கடை கியாக்டடாவில், ஆபீஸ்கள் நிறைந்த தெருவில் இருந்ததால், குமாஸ்தாக்கள் எல்லோரும் அரசியலைத் தலையில் சுமந்துகொண்டே நாற்காலியில் உட்காருவார்கள். ஒருவர் சட்டசபை வேண்டும் என்பார். அடுத்தவர் வோட்டே போடக் கூடாது என்பார். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை, தலையையும் ஆட்டுவார்கள். காதோரம் கத்தி வைத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் திரும்பிப் பதில் சொல்வார்கள். நான் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொள்வேன்.

மரக்கிடங்கில் வேலை பார்த்த ஊ சான் ஒருவர்தான் அசையாமல் உட்காருவார். பர்மியர், வயதானவர், என்னைச் சயா, அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டு மெதுவான பர்மியத்தில் பேசுவார். மற்றவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு நாள் அவரிடம், "இரட்டை ஆட்சி என்றால் என்னதான்?" என்று கேட்டுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒருத்தன் தலையைப் பிடிச்சுக்குவான், இன்னொருத்தன் கத்தியைப் பிடிச்சுக்குவான். தலை மட்டும் எங்களுது, சயா."

நுரை காய்ந்துவிடும்

இந்தக் காற்று எங்கள் ஆட்களையும் பிடித்தது. நாட்டுக்கே சட்டம் எழுதுகிறார்கள், நமக்கு ஒன்று கூடாதா என்றார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு தெருவுக்குள் இன்னொருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாடிக்கையைப் பறிப்பதும், மறுநாள் இவன் அங்கே போவதுமாக, ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் இருந்தோம். லான்மடாவில் ஓர் எண்ணெய்க் கடை மாடியில் கூடினோம். தலைவர் நாகலிங்க மாமா. எங்களில் மூத்தவர், குரல் பெரியது, மனசு எப்படி என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. நான் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்குத் தப்பாது என்பதால், கை எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள்.

எழுதிக் கொடுக்க, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அந்தோணிப் பிள்ளையைப் பிடித்தோம். அவர் முன்னுரையை ஆரம்பித்தார். "ரங்கூன் மாநகரத்துச் சவரத் தொழிலாளர்களாகிய நாங்கள், எங்கள் நலத்தையும் ஒற்றுமையையும் கருதியும், மேலும் எங்கள் சந்ததியாரின்..." என்று அது போய்க்கொண்டே இருந்தது. கீழே எண்ணெய்க் கடையில் விளக்கேற்றிவிட்டார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, இவ்வளவு நேரம் நுரை போட்டா காஞ்சுபோயிடும். கத்தியை எடு."

எந்தக் கிழமை விடுமுறை

மூன்றாவது விதி வார விடுமுறை. இதற்கு மூன்று கூட்டம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை நம்மவர் யாரும் முடிவெட்டிக்கொள்ள மாட்டார்கள், அன்றைக்கு மூடலாம் என்றார் ஒருவர். பர்மியர் தெருவில் கடை வைத்திருந்தவர் எழுந்து, "எனக்குச் செவ்வாய்தான் கூட்டம். அவங்க திங்கள், வெள்ளி தொட மாட்டாங்க" என்றார். மசூதிப் பக்கத்துக் கடைக்காரர், "வெள்ளிக்கிழமை மூடினா நான் கடையையே மூட வேண்டியதுதான்" என்றார். ஞாயிறு என்றால் ஆபீஸ்காரர்கள் எங்கே போவார்கள்? ஒவ்வொரு கிழமைக்கும் நான் கை எண்ணினேன். ஒரு கிழமைக்கும் பாதி தேறவில்லை.

என் கடையில் இரண்டாவது நாற்காலி முத்துவுடையது. மன்னார்குடிப் பக்கத்து அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் இன்சீனில் பிறந்தவன். அப்பா அங்கே ரயில்வே பட்டறை ஆட்களுக்கு மழித்தவர், இப்போது இல்லை. அம்மா மோஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கிறாள். சுவரோரம் நின்ற முத்து கேட்டான்: "பர்மாக்காரங்க அவங்கவங்க பொறந்த கிழமையிலயும் வெட்டிக்க மாட்டாங்களே. பேசாம கடையைத் திறந்து வச்சுட்டு, வர்றவனைப் பார்த்து நீ எப்பய்யா பொறந்தேன்னு கேட்டு அனுப்பிடலாமா?"

எந்த நாற்காலி

எல்லோரும் சிரித்தார்கள். நாகலிங்க மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பழைய வாடிக்கைக்காரர் இருவர், முத்துவைப் போலவே பர்மிய அம்மாவுக்குப் பிறந்து நன்றாகப் பர்மியம் பேசுகிற வேறோர் இளைஞனிடம் போய்விட்டிருந்தார்கள். அந்த எரிச்சல் உள்ளே கிடந்தது. அடுத்த கூட்டத்தில் ஏழாவது விதியாக வந்துவிட்டது: தாயும் தகப்பனும் தமிழ்நாட்டார் ஆனவரே உறுப்பினர். எட்டாவது விதி அதன் வால்: உறுப்பினர் அல்லாதவரை உறுப்பினர் தம் கடையில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவரிடம் சவரம் செய்துகொள்ளவும் கூடாது, மீறினால் நீக்கம்.

அதாவது முத்துவை நான் அனுப்பிவிட வேண்டும். நான் எழுந்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏழாவது..." என்றேன். "ஏழாவது என்னய்யா?" என்றார் மாமா. உட்கார்ந்துவிட்டேன். சங்கத்தை விட்டு நானே விலகினால் என் தெருவுக்குள் யார் வேண்டுமானாலும் பெட்டியோடு வரலாம். அப்புறம் இரண்டு நாற்காலியும் இருக்காது. திரும்பி வரும் வழியில் முத்து எனக்கு முன்னால் நடந்தான். சூலே பகோடா தெரிகிற இடத்தில் நின்றான். "அம்மா சொந்தக்காரங்களுக்கு நான் கலா. இங்க இந்தியாக்காரனை அப்படித்தானே கூப்பிடறாங்க? உங்க மாடியில நான் பர்மாக்காரன். நாளைக்கு நான் எந்த நாற்காலியில உட்காரணும், சயா?"

மாடிப்படி

விதிகளை எல்லோரும் ஏற்று முடிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தீட்டிய கத்தியையே தோல்வாரில் மறுபடி தீட்டினேன். மழித்த கன்னத்துக்கே மறுபடி நுரை போட்டேன். ஊ சானின் மோவாயில் கீறிவிட்டேன். அவருக்கு நான் ரத்தம் வரவைத்தது அதுவே முதல் தடவை. படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் முத்து ஒரு குழந்தைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோயிற்று.

ஊ சான் எழுந்து, கண்ணாடியில் கீறலைப் பார்த்து, துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். "எங்க சட்டம் கப்பல்ல வருது, சயா. எங்கே போய்ச் சண்டை போடறதுன்னே எங்களுக்குத் தெரியலை. உங்களுது எண்ணெய்க் கடை மாடியிலதானே இருக்கு?"

பாதிக் கன்னம்

ஏற்பு நாளில் கை தூக்கினால் போதாது என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். எங்களில் எவரும் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வதில்லை. இன்னொரு தொழிலாளியிடம்தான் உட்காருவோம். ஆகவே சத்தியத்துக்குப் பதிலாக, இருவர் இருவராக ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்வது, ஆளுக்கு ஒரே கத்தி, அந்தக் கத்தி அன்றைக்கு ஒரே முகத்தில்தான் படலாம், எல்லா முகமும் முடிந்தால்தான் சட்டம் செல்லும் என்று தீர்மானம். விடிந்ததும் கூடினோம். முப்பத்தெட்டுப் பேர், சரியாகப் பத்தொன்பது ஜோடி. வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற ஆள் வேண்டுமே, அதற்கு முத்துவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

மாமாவின் ஜோடி பொருளாளர் கண்ணுச்சாமி. மாமா அவருக்கு மழித்து முடித்தார். கண்ணுச்சாமி மாமாவின் வலது கன்னத்தை முடித்து இடது பக்கம் வரும்போது, படியில் தடதடவென்று சத்தம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சேவகன். துரை கப்பல் ஏறுகிறார், உடனே சவரம். "இதோ வந்துடறேன் மாமா" என்று கண்ணுச்சாமி கத்தியோடு இறங்கிவிட்டார். துறைமுகம் வரை போன ஆள் இதோ வருவதாவது! வந்தாலும் அந்தக் கத்தி துரை முகத்தையும் பார்த்திருக்கும். நாங்கள் எல்லோரும் முடித்துவிட்டு நின்றோம். மாமா இடது கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "போய்யா, உன் கத்தி ஒரு முகம் பார்த்தாச்சு. நான் போட்ட விதியை நானே மீறவா?" என்று விரட்டினார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கலாம் என்றால், கீழே லான்மடா கடைத்தெரு முழுக்க அவருடைய வாடிக்கைக்காரர்கள்.

முகம் பார்க்காத கத்தி அந்த மாடியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, முத்துவின் இடுப்பில். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "எட்டாவது விதி இருக்கே. நான் தொட்டா நீங்க சங்கத்துல இருக்க முடியாதே, மாமா" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. மாமாவின் முகம் சிவந்தது, ஒரு பக்கம்தான் தெரிந்தது. என் பக்கம் திரும்பி, "என்னய்யா கணக்கு?" என்றார். மாடிப்படி ஏறி வந்தாயிற்று, இனி என்ன என்று தோன்றியது.

"ஏழாவது விதி இருந்தா முப்பத்தேழரை முகம், மாமா. சட்டம் செல்லாது. அது போனா முத்து உறுப்பினராகலாம், அவன் கத்தி உங்களைத் தொடலாம், முழுசா முப்பத்தெட்டு" என்றேன். எனக்கே என் குரல் கேட்டது. மாமா இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நுரை பொருக்காக உதிர்ந்தது. காகிதத்தோடு உட்கார்ந்திருந்த அந்தோணிப் பிள்ளையைப் பார்த்து, "கிளார்க்கு, ஏழாவதை அடி. கை தூக்குங்கய்யா, காயுது!" என்றார். எண்ணினேன். மூன்று கை எழவில்லை, மற்றவையெல்லாம் எழுந்தன. முத்து நுரையைப் புதிதாகப் போட்டான். கத்தி காதிலிருந்து மோவாய் வரை ஒரே இழுப்பாக இறங்கியது. மாமா இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தடவினார், வலது பக்கத்தில் கை நின்றது. "கண்ணுச்சாமி பண்ண பக்கம் சொரசொரன்னு இருக்கு. அதையும் ஒரு இழு இழுத்துடு, மாப்ளே."

எங்கள் சட்டத்தில் ஆறுக்கு அடுத்து நேராக எட்டு வருகிறது; ஏழு எங்கே என்று கேட்கிறவர்களிடம், நாடுகளுக்கெல்லாம் அது எப்படிப் போகிறதோ தெரியாது, எங்களுக்குத் தலைவரின் இடது கன்னத்து நுரையோடு போயிற்று என்று சொல்லிவிட்டு மோவாயை நிமிர்த்தச் சொல்கிறேன்.