பலகையில் இல்லாத பெயர்

கந்தப்பளை டவுனில் போட்டோக் கொப்பி எடுக்கும் கடை ஒன்றில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். அடையாள அட்டை கொண்டுவருகிறவர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: "கொப்பி மேல குறுக்கால ரெண்டு கோடு போட்டு, என்னத்துக்குக் குடுக்கிறீங்கன்னு எழுதிருங்க. சும்மா யாருக்கும் குடுத்துறாதீங்க." அப்படிப்பட்ட நான்தான் என் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, நேரில் முகம் பார்க்காத ஒருவருக்கு அனுப்பத் துணிந்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. கோபம்தான் இருக்கிறது.

அவர் ஃபேஸ்புக்கில் வந்தார். கனடாவில் ஆஸ்பத்திரி வேலை என்றார். படத்தில் நல்ல சிரிப்பு. கனடா கினடாவுக்கெல்லாம் நான் மயங்கவில்லை. "நானும் லயத்துல பொறந்தவன்தாங்க" என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களில் கொஞ்சம் மேலே வந்தவர்கள் முதலில் மறைப்பது அந்த வரிசை வீட்டு லயத்தைத்தான். லயத்தில் பிறந்தேன் என்று யாராவது பொய் சொல்வார்களா? என்னுடைய அந்த நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

மூன்று மாதம் பேசினோம். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டமாம். பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரம்வரை அங்கேதான் படித்தாராம். வீடியோவில் வாங்க என்றால் கேமரா பழுது. அடுத்த வாரம் டியூட்டி. அதற்கடுத்த வாரம் மறுபடியும் கேமரா பழுது. பிறகு, பதிவுத் திருமணத்துக்கு இப்போதே பேப்பர் தயார் செய்ய வேண்டும், அட்டையை அனுப்புங்க, வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதீங்க என்றார். முப்பத்தொரு வயதில் எனக்கும் ஆசை இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அனுப்புவதாகச் சொல்லியிருந்த நாள் காலை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினாள். எந்தத் தோட்டம், மேல் டிவிசனா கீழ் டிவிசனா, எத்தனையாம் லயம், யார் வீட்டுப் பிள்ளை. நாலு கேள்வியில் என் அம்மாவின் சித்தப்பா வீட்டைப் பிடித்துவிட்டாள். இந்த விசாரணை எனக்கு ஆகவே ஆகாது. கடைக்கு வந்த பிறகும் எரிச்சல் தீரவில்லை. அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது: மூன்று மாதத்தில் இதில் பாதியைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். பலகையில் வெள்ளைக்காரன் வைத்த பெயர். எங்கள் வாயில் வேறொரு பெயர். அங்கே வளர்ந்தவர்கள் தங்களுக்குள் பலகைப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"உங்க தோட்டத்தை நம்ம ஆளுங்க என்னான்னு சொல்வாங்க?" என்று எழுதினேன்.

முன்பு சொன்ன பலகைப் பெயரையே திரும்ப அனுப்பினார்.

"அது பலகையில இருக்கு. உங்கம்மா என்னான்னு சொல்வாங்க?"

பதில் வர வெகுநேரம் ஆனது. சின்ன வயதிலேயே கனடா வந்ததால் மறந்துவிட்டதாம். சாதாரண தரம்வரை அங்கே படித்த பிள்ளைக்கு!

அட்டை தரமாட்டேன் என்றதும் மரியாதையெல்லாம் பறந்தது. நான் முன்பு அனுப்பியிருந்த கோயில் திருவிழாப் படத்தை அசிங்கமாக எழுதிப் போடுவேன் என்றான். "போடு" என்று எழுதினேன். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் கொடுத்து, பிளாக் செய்தேன்.

சாயங்காலம் வீட்டில் நானே சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் கையை நீட்டினான்.

"ஃபோனைக் குடு. இனி ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ஏமாத்த வந்தது அவன். கண்டுபிடிச்சது நானு. ஃபோனை நான் ஏன் குடுக்கணும்?"

நான் கொடுக்கவில்லை. அண்ணன் கண் முன்னாலேயே ஃபேஸ்புக்கைத் திறந்து, மற்றவன் அசிங்கமாகப் போடுவதற்கு முன் அந்தத் திருவிழாப் படத்தை நானே போட்டேன். அப்போதுதான் என் பெயருக்குக் கீழே ஊர் என்ற இடத்தில் 'கண்டி' என்று இருந்தது கண்ணில் பட்டது. நான்தான் எழுதியிருந்தேன். கண்டியில் ஒரு நாள்கூட நான் குடியிருந்ததில்லை. நான் ஒளித்துவைத்த லயத்தைத்தான் அந்தக் கனடாக்காரன் எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கண்டியை அழித்தேன். எங்கள் வாயில் வரும் தோட்டத்துப் பெயரை எழுதினேன். லயத்தின் நம்பரை மட்டும் எழுதவில்லை. அதை யாருக்குச் சொல்வது என்று நான்தான் முடிவு செய்வேன்.