ஆறாவது பாட்டு

கேசட் தயாரிப்பாளர் ஜெயசீலன் என்றால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேருக்கு உயிர். ஞாயிறு தவறாமல் கூடி அவரைப் பற்றிய சேதிகளைப் பேசித் தீர்ப்பார்கள். ஹயக்ரீவன் வாத்தியார் அவரோடு எடுத்துக்கொண்ட போட்டோவை நூறாவது தடவையாகக் காட்டுவார். ஷேர் ஆட்டோ ஓட்டும் வீரபத்திரனிடம் காட்ட எதுவும் இல்லை.

"நீயும் மெட்ராஸ் போய் அவரைப் பார்த்தியாமே, என்னப்பா பேசினே?" என்றார் வாத்தியார்.

"சண்டைதான் சார் போட்டேன். உங்க கேசட்டுல நல்ல பாட்டை ஆறாவதா வெச்சிருக்கீங்க, என் ஆட்டோவுல அது வர்றதுக்குள்ள ஐயம்பேட்டை வந்துடுது, ஜனம் எறங்கிப் போயிடுது, அப்புறம் யாரு கேக்கறதுன்னேன்."

"அடப்பாவி! அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சிக்கினே எழுதிக்கினாரு."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே கேசட் மறுபடி வெளிவந்தது. பாட்டு வரிசையைப் படித்த வீரபத்திரன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆட்டோ கிளம்பியதும் முதல் பாட்டாக அந்த ஆறாவது பாட்டே ஒலித்தது. தினமும் ஐயம்பேட்டையில் இறங்கும் கீரைக்காரி ரேணுகாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"புதுப் பாட்டாப்பா? நல்லா இருக்குதே!"

"பழசுதாம்மா. உன்கிட்ட வர்றதுக்குத்தான் இத்தினி நாளாச்சு."