டிரைவரக்கா வாங்கிய வீடு

எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். மூன்றாவது டிரைவரக்காவுடையது, நான்காவது என்னுடையது. இரண்டையும் விற்றவர் ஒரே ஆள். இடிந்தும் பெயர்ந்தும் கிடக்கிற பழைய வீட்டை மலிவாக வாங்கி, இரண்டே மாதத்தில் மேலே மினுக்கிக் கைமாற்றி விடுவது அவர் தொழில். எங்களுக்குள் அவர் பெயர் மினுக்கர்.

டிரைவரக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது, கனத்த தோள்கள், மெல்லிய குரல். கல்யாணமானதிலிருந்து பதினெட்டு வருடம் மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் குடியிருந்தவர். அவர் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். எதையும் அளந்து, குறித்து வைத்து, மறுபடி அளக்கிற மனிதர். வீடு வாங்கும்போது மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. "தெரிஞ்ச மேஸ்திரி யாரையாவது கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிடலாமே" என்றாராம். சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போன அக்காவோ, "கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல காட்ட என்ன இருக்கு?" என்று முடித்துவிட்டார்.

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வெளிர்சாம்பல் சுவர், வெள்ளை அலமாரிகள், மரம்போல் தெரியும் பலகைத் தரை. குடிவந்த அன்றைக்கே சின்னச் சின்ன வேடிக்கைகள் ஆரம்பித்தன. கூடத்து விளக்குக்குச் சுவிட்சைத் தட்டினால் குளியலறை மின்விசிறி சுற்றியது. நீலப் புள்ளி வைத்த குழாயில் வெந்நீர் வந்தது. சமையலறையில் ஓர் இழுப்பறை பாதிதான் திறக்கும்; மீதியை அடுப்பின் கைப்பிடி மறித்தது. அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்தார். சொந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதல் வாரத்தில் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் நல்ல மழை. கூடத்துத் தரை பொரித்த அப்பளம்போல் அங்கங்கே உப்பியது. அதற்கடுத்த நாள் குளிக்கப் போன வீட்டுக்காரர் சோப்புத் தட்டைப் பிடித்துக் கால் ஊன்றியிருக்கிறார். தட்டு கையோடு வந்தது, கூடவே நான்கு டைல்ஸும். இடுப்பில் துண்டோடு வாசலுக்கு வந்து, "இங்க பாரு, சுவரை உரிச்சுட்டேன்" என்று காட்டினார். பின்னால் இருந்த சுவர் ஈரச் சாக்குபோல் கறுத்துக் கிடந்தது.

அக்கா மினுக்கருக்குப் போன் போட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"மேடம், வீடுன்னா அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமா உட்காரும்."

"உட்கார்ந்தாச்சு சார். இப்ப படுக்கப் பாக்குது" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் போனை எடுக்கவில்லை. விற்பனைப் பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி' வாங்கிக்கொண்டோம் என்று ஒரு வரி இருந்ததை வீட்டுக்காரர் கண்டுபிடித்துக் காட்டினார். மூன்றாம் நாள் அக்கா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து அழுதார். "ஆயிரம் பேரை ஏத்திட்டுப் போறேன், ஒரு சத்தம் மாறினா எந்தச் சக்கரம்னு சொல்லிடுவேன். என் வீட்டை மட்டும் கண்ணை மூடிட்டு வாங்கிட்டேனே." நான் சொன்னேன், நானும் அப்படித்தான் வாங்கினேன், நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாடி பிடித்துப் பார்க்கிறவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வீட்டுக்காரர் 'நான் அப்பவே சொன்னேன்' என்ற ஒரு வாக்கியத்தை இன்றுவரை சொன்னதில்லை. அக்காவே ஒருநாள் பொறுக்க முடியாமல், "சொல்லித் தொலைங்களேன்" என்றாராம். அவர் யோசித்துவிட்டு, "வேண்டாம், பசிக்குது" என்றாராம். இதை அக்கா என்னிடம் குறைந்தது பத்து முறை சொல்லியிருக்கிறார்.

அக்காவின் பேருந்துக்குக் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிட ஓய்வு உண்டு. அங்கே தினமும் இறங்குகிறவர்களில் டைல்ஸ் ஒட்டுகிற ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் ஓயாத ஆள். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். ஈரச் சுவர் காய எத்தனை நாள் ஆகும், பசையை எப்படித் தடவ வேண்டும், பின்னால் பசை பிடிக்காத டைல்ஸைத் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று நாளுக்கு ஒரு கேள்வி. அவரும் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டுவார்.

ஒருநாள் அக்கா தன் குளியலறையை முழுக்க வர்ணித்தார். ஜன்னலுக்குக் கீழே பச்சைப் பட்டை, மூலையில் உடைந்த டைலை வைத்து மறைத்த ஓர் இடம். டைல்ஸ்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். "அந்த ஏழு வீட்டு வரிசையில மூணாவது வீடா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அது நான் ஒட்டினதுதான்கா. ரெண்டு நாள் வேலையை அரை நாள்ல முடின்னாங்க. சுவர் காயலன்னு சொன்னேன். உனக்கு முடியலன்னா வெளியில பத்து பேர் நிக்கிறான்னு சொன்னாங்க. ஒட்டிட்டேன்."

அக்கா வண்டியைக் கிளப்பினார். நான்கு நாள் அவர் ஏறினார், இறங்கினார். அக்கா முகம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் இறங்கப் போகும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமை வா. சாப்பாடு உண்டு, கூலி கிடையாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே சாமான் பையோடு அவர் வந்து நின்றார். அன்றைக்கு ஒட்டவே இல்லை. உரித்தார்கள், சுரண்டினார்கள், கசிந்த குழாயைத் தேடிப் பிடித்தார்கள். டேப் சுற்றி மேலே வெள்ளை அடித்த ஒரு மூட்டு அது. பிறகு மூன்று வாரம் சுவரைக் காயவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் அக்காவும் வீட்டுக்காரரும் என் வீட்டில்தான் குளித்தார்கள். டைல்ஸை ஒட்டிய நாளில் பாதிச் சுவர் அக்காவின் கை வேலை. டைல்ஸ்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்கா, பஸ்ஸை விட்டுட்டு எங்கூட வந்துடுங்களேன்" என்றார். "உன்கூட வந்தா பேசிப் பேசியே காது போயிடும்" என்றார் அக்கா. ஆனால் அன்று முழுக்க ஒரு சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிட்டது. ஓய்வு நாள் வந்தால் முழங்கைவரை சுண்ணாம்பு. ஒருநாள் பின்பக்கம் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"வெளியில எத்தனை ஜன்னல் இருக்கு, எண்ணு."

"நாலு."

"உள்ளே மூணுதான் இருக்கு."

வீட்டுக்காரர் அளவு நாடாவோடு வந்து உள்ளேயும் வெளியேயும் அளந்தார். சந்தேகமே இல்லை. இருட்டாகக் கிடந்த பின்னறையில் ஒரு ஜன்னலை வெளியே மூடிய ஜன்னல் கதவுபோல் சாயம் பூசிய பலகையாலும் உள்ளே மெல்லிய சுவர்ப் பலகையாலும் அடைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன், முழு ஜன்னலை மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். அறுத்து எடுத்தபோது உள்ளே நல்ல மரச்சட்டம். ஒரு கண்ணாடி விரிசல், ஒரு கொக்கி துரு. அவ்வளவுதான். இதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு மூடியிருக்கிறார்கள்! மதிய வெயில் அறைக்குள் வந்து விழுந்தது. வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்த வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

என் வீட்டையும் அவர்கள்தான் சரிசெய்து கொடுத்தார்கள். மறைத்த ஜன்னல் எனக்கு இல்லை; அலமாரிக்குப் பின்னால் ஒரு சுவரே இல்லை.

அடுத்த வருடம் மினுக்கர் எங்கள் வரிசையிலேயே ஏழாவது வீட்டையும் வாங்கினார். அதே சாம்பல், அதே வெள்ளை. வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்து வைத்தார். காலை வேலை முடிந்து சீருடையிலேயே போனார் அக்கா. நானும் கூடப் போனேன். இப்படி ஒரு காட்சியை யார் விடுவார்கள்?

உள்ளே ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அக்கா நேராக வேலையில் இறங்கினார். சமையலறைக் குழாயைத் திறந்தார், குளியலறைக் குழாயையும் திறந்தார், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். கொஞ்ச நேரத்தில் சிங்குக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து மினுக்கரின் பளபளப்பான செருப்பை நனைத்தது.

அவர் அக்காவை ஓரமாக அழைத்துப் போனார். "உங்களுக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

அக்கா உண்மையாகவே யோசித்தார். "பெரிசா ஒண்ணும் இல்ல சார். உங்களாலதான் எனக்கு இவ்வளவு வேலை தெரியுது."

அந்தப் பெண் நேராக அக்காவிடமே வந்தாள். "அக்கா, இதை வாங்கலாமா?"

"நல்ல வீடும்மா. உடம்பு கெட்டியா இருக்கு, பூச்சுதான் பொய். என்னென்ன உரிக்கணும்னு எழுதித் தரேன். அதெல்லாம் செஞ்சு முடிச்சப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அக்கா சொல்லச் சொல்ல அவர் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல் இரண்டு பக்கம். மினுக்கர் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றார். வேறு யாரும் வாங்க வரவில்லை. வந்தவர்கள் சிங்குக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வழிக்கு வந்தார். வேலைக்கு நம் டைல்ஸ்காரரையே கூப்பிட்டபோது, "சுவர் காயறவரைக்கும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பையைத் தூக்கினாராம். மினுக்கர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. நாய் வாலை யார் நிமிர்த்தியிருக்கிறார்கள்? ஆனால் அந்தத் தம்பதி குடிவந்த ஏழாவது வீட்டில் ஒழுகல் இல்லை.

இப்போது அக்காவின் பணிமனையில் யார் வீடு வாங்கினாலும் முதலில் அக்காவைத்தான் கூட்டிப் போகிறார்கள். போன வாரம் ஒரு நடத்துநருக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்தார். அதுவும் பழைய வீடு, புதுப்பித்து விற்கப்படுவது. அக்கா ஒரு மணி நேரம் தட்டினார், திறந்தார், குனிந்தார், மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்துகூடப் பார்த்தார். தூசி படிந்த முழங்காலோடு வெளியே வந்தார். நடத்துநர் பயந்த முகத்தோடு, "என்னக்கா, ரொம்ப மோசமா?" என்றார்.

"ஒண்ணுமே இல்லப்பா. கண்ணுக்குத் தெரியாத மூலையைக்கூட ஒழுங்கா முடிச்சிருக்காங்க. கண்ணை மூடிட்டு வாங்கு."

திரும்பும் வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். அந்தப் படிக்கட்டுக்கு அடியில் எவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருந்தார்கள் தெரியுமா, யாருமே பார்க்க மாட்டார்கள் அங்கே, யார் செய்த வேலை என்று விசாரிக்க வேண்டும் என்று. தனக்கே யாரோ நல்லது செய்துவிட்டதுபோல் இருந்தது அவர் முகம்.