மகளுக்குக் கொடுத்த மெமோ

எண்பதுகளின் நடுவில் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மகளுக்குப் பத்து வயது. மாலைச் சங்கு ஊதியதும் தெரு முனைக்கு ஓடி வந்து என் சைக்கிள் பாரில் ஏறிக்கொள்வாள். அங்கிருந்து வீட்டுக்கு நூற்றுப் பதினான்கு மிதி. அத்தனை மிதிக்கும் வாய் ஓயாது. டீச்சரின் புடவை, காணாமல் போன பென்சில், ஆடுகிற பல், எல்லாம் எனக்குத்தான் முதலில் வரும். அவள் அம்மாவுக்குக்கூட எனக்குப் பிறகுதான்.

பதின்மூன்றில் முனைக்கு வருவது நின்றது. பதினைந்தில் பேச்சே நின்றது. மிகைப்படுத்தவில்லை, எண்ணியிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை முழுவதும் என்னிடம் பேசியது ஏழு சொல். அதில் நான்கு "ம்". அதே பெண் பட்டாபிராமில் டியூஷன் முடிந்து தோழியோடு ஆவடியில் ரயிலை விட்டு இறங்கினால் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்: "இன்னாடி சொல்லிகினு கீறே, அவ மூஞ்சியப் பாத்தியா நீ?" எப்போதாவது அழைத்துவரப் போனால், என்னைக் கண்டதும் வாய் மூடிக்கொள்ளும். நான் என்ன டிக்கெட் பரிசோதகனா?

ஒரு நாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். ஏன் என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அலுவலகத்தில் தாமதமாக வருபவர்களுக்கு மெமோ தயாரிப்பது என் வேலை. அதையே செய்தேன். தேதி, பொருள், 'மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்', கையெழுத்து. அவள் புத்தகப் பையின் மேல் வைத்தேன்.

மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாள் தொழிற்சாலை கேட்டில் அந்த வீட்டு வெல்டர் பிடித்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்தே, பொண்ணுக்கே மெமோவா? இன்கிரிமென்ட்ட கட் பண்ணிடாதே, பாவம்!" சுற்றி நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் நோட்டுத் தாளில் பதில் வந்தது. 'ஐயா, தோழி அழுதாள், கூட உட்கார்ந்திருந்தேன். ஏன் அழுதாள் என்று சொல்ல மாட்டேன். தினமும் எத்தனை மணிக்கு வந்தாய் என்று மட்டும் கேட்கிறீர்கள். வேறு ஏதாவது கேட்டுப் பாருங்கள்.'

இருபத்தொரு சொல். மூன்று திங்கட்கிழமைப் பேச்சு ஒரே தாளில். ஆனால் 'ஐயா'வாம்! சரி, வேறு கேட்டுப் பார்த்தேன். "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." வேறு என்னதான் கேட்பது? அதை எழுதவில்லையே அவள்.

பத்தொன்பதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனாள். ஒரு மாலை தாமதமாக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா, மெமோ ரெடியா?"

நான் கேட்காமலே சூப்பர்வைசரின் சிடுசிடுப்பு, கேன்டீன் சாம்பார், பஸ் நெரிசல் என்று இருபத்தைந்து நிமிடம் பேசினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இதெல்லாம் நடுவுல ஆறு வருஷம் எங்க போச்சு?"

"எனக்கே தெரியலப்பா. அப்ப உன்னப் பாத்தாலே எரிச்சலா வரும்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். இது ஒரு விளக்கமா? அந்த ஆறு வருடமும், வேலை நாள் ஒன்று விடாமல், தெரு முனை வந்ததும் நான் சைக்கிளை மெதுவாக்கியிருக்கிறேன்.