காரின் நெற்றியில் பட்டை

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை கார் ஷெட்டுக்குள் போனார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அப்படித்தான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் வந்து "சார் இருக்காங்களா?" என்று கேட்டாலும், "இருக்காங்க, கார் முன்னால உக்காந்துருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. சிலர் ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தக் கார் என் மாமனார் வாங்கியது. வயதில் எனக்கு மூத்தது, பிடிவாதத்தில் என் கணவருக்கு மூத்தது. அதன் முன்பக்கம் முழுக்க அலுமினியம். எஞ்சினுக்குக் காற்று போக ஒரு கிரில், அதற்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு நீளத் தகடு. அந்தத் தகட்டை எங்கள் வீட்டில் நெற்றி என்றுதான் சொல்வோம். வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்ததில் நெற்றியும் கிரில்லும் அடுப்பங்கரையில் மறந்துபோன பால் சட்டி நிறத்துக்கு வந்திருந்தன.

அவருக்கு அப்படி ஒரு வேகம் வந்ததற்குக் காரணம் மகள் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலில் வைத்துக் காரில் ஏற்றி, மேளத்தோடு மண்டபம் வரைக்கும் ஊர்வலமாகக் கூட்டிவர வேண்டும். காரை ஏற்பாடு செய்வது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை என் மாமனார் வாங்கிய அந்தக் காரில்தான் வர வேண்டும், அதை இவரே ஓட்ட வேண்டும் என்பது இவர் ஆசை. நகை, பந்தல், பந்தி எதிலும் இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டது இந்த ஒன்றைத்தான்.

மாப்பிள்ளை வீட்டில் முடிவெடுப்பவர் பெரியப்பா. திருச்செந்தூரில் கடை வைத்திருப்பவர், எதையும் நேரில் பார்க்காமல் நம்பாதவர். போனில் அவர் இழுத்தார்.

"பழைய வண்டியா சம்பந்தி? மேல தொறந்த புது வண்டி ஒண்ணு வாடகைக்குச் சொல்லிருவோமே."

"ஒரு தடவ வந்து பாருங்க அண்ணாச்சி. பிடிக்கலைன்னா நானே புது வண்டி சொல்லுதேன்" என்றார் இவர்.

விஜயதசமி அன்று வருவதாகப் பேச்சு. கல்யாணம் அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஐப்பசியில்.

மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் பழைய வண்டிகளின் உலோகப் பாகங்களைப் பளபளப்பாக்கித் தருவார். இவர் கிரில்லையும் நெற்றியையும் கழற்றி அங்கே கொண்டுபோனார். பாதுகாப்புக்கு நானும் போனேன். பாதுகாப்பு கிரில்லுக்கு. பாய் ஏதோ கரைசலில் முக்கி, கம்பெனியில் போட்ட பழைய பூச்சை உரித்தெடுத்தார். மெஷினில் வைத்தால் அரைமணி நேரத்தில் கண்ணாடியாக்கித் தருவேன் என்றார். இவர் கேட்கவில்லை. கையாலேயே செய்வேன் என்று வாங்கிவந்துவிட்டார்.

புறப்படும்போது பாய் சொன்னார்: "மேல்தோலு போயிட்டு அண்ணாச்சி. இப்போ இது பச்சைப்பிள்ளை. சோப்புத்தண்ணி, சோடா, சுண்ணாம்பு எதுவும் பட்டுராமப் பாத்துக்கோங்க. பட்டா அங்கனயே கறுத்துரும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் ஒரு வேதியியல் ஆசிரியை. அலுமினியம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும், அதற்கு ஈரியல்பு என்று பெயர் என்று பட்டறை வாசலில் நின்று ஒரு பாடம் நடத்தினேன். பாய் மரியாதையாகக் கேட்டார். "டீச்சரே வீட்டுல இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை அண்ணாச்சி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதன்பிறகு தேய்ப்புப் படலம். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு அதைவிட நைசு, பிறகு அதையும்விட நைசு. ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டுமாம். திசை மாறினால் கீறல் விழும். நான் காப்பி கொண்டுபோனால்கூட டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டும். கடைசியில் பாலிஷ் பசையும் பருத்தித் துணியும். என் பழைய சுங்குடிப் புடவைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துணி கறுத்தால்தான் அலுமினியம் வெளுக்கிறது என்று அர்த்தமாம். அவர் விரல்களும் கறுத்தன. இரண்டு மாதமும் கரண்டியால்தான் சாப்பிட்டார். இந்த நறுவிசில் பாதியை என்றைக்காவது சமையல்கட்டில் காட்டியிருந்தால் நான் கோவில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது என் கிண்டல் எல்லாம் அடங்கிவிட்டது. காரில் திரும்பப் பூட்டிய நெற்றியில் என் முகம் தெரிந்தது. தலையில் நான் கவனிக்காத இரண்டு நரைமுடி தெரிந்தது. "எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு என்றேன். அவர் அதைவிட அதிகமாக எதிர்பார்த்தார் என்பது தெரிந்தது. ஆனாலும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பூஜை. தையல் மெஷின், மிக்சி, அரிவாள்மனை, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வழக்கம்போல நான்தான் பொட்டு வைத்தேன். விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கடைசியில் கார். நெற்றி என்று பெயர் வைத்துவிட்ட இடத்தை விட்டு வேறு எங்கே வைப்பது? தாராளமாகக் குழைத்து நெற்றி நிறையப் போட்டேன். இவர் கையில் பூசணிக்காயோடு பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொடவில்லை.

விஜயதசமி காலையில் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் வந்தது, சந்தனம் வந்தது. பட்டை வரவில்லை. மூன்று விரல் அகலத்துக்கு மூன்று சாம்பல் கோடுகளும் நடுவில் கறுத்த வட்டமும் தகட்டோடு தகடாக நின்றன. மறுபடி துடைத்தேன். அப்போதுதான் புத்திக்கு எட்டியது. விபூதி என்பது சாம்பல், சாம்பல் என்பது காரம். குங்குமத்தில் சேர்வது சுண்ணாம்பு. இரண்டையும் தண்ணீரில் குழைத்து, மேல்தோல் உரித்த அலுமினியத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவள்.

அவர் வந்து பார்த்தார்.

"நேத்தே சொல்ல வந்தேன். கெமிஸ்ட்ரி படிச்சவ வைக்கா, தெரியாமலா வைப்பான்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது? அழுகை வந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தோம். நானும்தான், முதன்முறையாக. ஒரு மணி நேரத்தில் என் தோள் கழன்றுவிட்டது, கோடு லேசாக மங்கியது, அவ்வளவுதான். பாய்க்குப் போன் செய்தால், "ஆழமா அரிச்சிருக்கு அண்ணாச்சி. அதுக்குமேல தேச்சா தகடு நெளிஞ்சுரும். கல்யாணம் முடியட்டும், பைய பாத்துக்கிடுவோம்" என்றார்.

பதினோரு மணிக்குப் பெரியப்பா வந்துவிட்டார். காரைச் சுற்றிவந்தார். கதவைத் திறந்து மூடினார். முன்பக்கம் வந்து குனிந்தவர், "இது என்ன சம்பந்தி, இங்கன தழும்பு மாதிரி?" என்றார்.

நான் காப்பித் தட்டோடு நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். மகளை வாழ அனுப்பப்போகிற வீட்டார் முன்னால் நான் முட்டாளாவதா என்ற ஒரு நொடித் தயக்கம். அந்த நொடியில் இவர் சொல்லிவிட்டார்.

"என் கைதான் அண்ணாச்சி. தேய்க்கத் தெரியாமத் தேச்சிட்டேன்."

"இதுக்குத்தான் தெரிஞ்ச ஆள வச்சுச் செய்யணும்ங்கது. சரி, வண்டி நல்லாத்தான் இருக்கு. இதுலயே வரட்டும். அந்த எடத்த மட்டும் பூவப் போட்டு மறச்சிருங்க."

காருக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் காப்பி இறங்கவில்லை. இரண்டு மாதமாக அந்த மனிதர் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் தன் கை. எனக்காக அதையே விட்டுக்கொடுத்திருந்தார். அன்று ராத்திரி சொல்ல நினைத்தேன், மறுநாள் நினைத்தேன். பத்திரிகை வைக்கிற அலைச்சலில் பதினைந்து நாள் ஓடிப்போயிற்று. மண்டபத்துக்குப் போகும்போதும் அதைச் சுமந்துகொண்டுதான் போனேன்.

அழைப்பு அன்று, பெரியப்பா சொன்னபடி, பூக்காரர் செவ்வந்தியும் சம்பங்கியும் கட்டிய ஒரு கனத்த மாலையை நெற்றியிலிருந்து கீழே வரைக்கும் தொங்கவிட்டார். தழும்பு மறைந்தது. கூடவே கிரில்லும் மறைந்தது. காரை இவர் ஓட்டினார், பின்னால் மாப்பிள்ளை. மேளத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் கார் ஊர்ந்தது. கிரில்லுக்குக் காற்று போக வழியில்லை. பாதி தூரத்தில் பூவுக்கு அடியிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. யாரோ ஒருவர் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இவர் வண்டியை நிறுத்தி இறங்கி மாலையில் கை வைத்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியப்பா வேகமாகத் திரும்பிவந்தார்.

"பூவ எடுக்காதிய சம்பந்தி. அத்தன பேரும் பாக்காங்க." பிறகு தன் பக்கத்து உறவினர்களிடம் திரும்பி, "இவங்க தானே பாலிஷ் போடுதேன்னு போட்டு வண்டி மூஞ்சியக் கெடுத்துட்டாங்க. அதான் மறச்சு வச்சிருக்கு" என்றார். பொல்லாப்புக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். இவர் மாலையைப் பிடித்தபடியே தலைகுனிந்து நின்றார்.

நான் நாலு எட்டில் அங்கே போய்விட்டேன். பட்டுப்புடவையோடு என்னால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்தத் தழும்பு அவங்க கைவேலை இல்ல. நான் வச்சது. ஆயுத பூஜைக்குப் போட்ட விபூதி, அலுமினியத்த அரிச்சிட்டு. நான் கெமிஸ்ட்ரி டீச்சரு, எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்லுததுக்குப் பயந்து நின்னேன், அவங்க பழிய ஏத்துக்கிட்டாங்க. நீங்க அன்னைக்குத் தழும்பத்தான் பாத்திய, அவங்க செஞ்சதப் பாக்கவே இல்ல."

மாலையை நானே இழுத்துக் கீழே போட்டேன். மேளம் நின்றிருந்தது. மண்டப வழியெல்லாம் கட்டியிருந்த சீரியல் பல்புகள் ஒன்று விடாமல் கிரில்லில் எரிந்தன. பெரியப்பா குனிந்து பார்த்தார். தகட்டை விரலால் தடவினார். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இவ்வளவும் கையாலயா தேச்சிய?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"பூ வேண்டாம்" என்றார் பெரியப்பா. "வண்டி இப்படியே வரட்டும்."

எஞ்சின் ஆறப் பத்து நிமிடம் நின்றோம். இவர் என் பக்கம் நகர்ந்துவந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "ஏட்டி, நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. ஒன் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னாலதான் நிக்காங்க."

"நிக்கட்டும்" என்றேன்.